இந்த வருஷமாவது உருப்படுமா? சென்னையின் எஃப்.சி. பற்றிப் புதுச்சேரி வேனில் கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஃபிளெக்ஸ், பேனர் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. சென்னையின் எஃப்.சி. சென்னையில் ஆடும் நாள்களில் ஒரு வேன் பிடித்து, பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போய் நள்ளிரவில் வீடு சேர்ப்பதும் எப்படியோ என் வேலையாகிவிட்டது. யாரும் கொடுத்த பதவி இல்லை. வேன்காரர் நம்பர் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான்.

2026 பிப்ரவரி 14 அன்று இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து தொடங்குகிறது என்று ஜனவரி முதல் வாரத்தில் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து கடையிலும், உப்பளம் கிரவுண்டு பக்கத்து டீக்கடையிலும், கடலூரிலிருந்து வரும் போன்களிலும் ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன்.

"அண்ணே, முதல்ல இது எந்த டீமு? சி.எஸ்.கே. ஆளுங்களா?"

இல்லை தம்பி. சி.எஸ்.கே. கிரிக்கெட், மஞ்சள். இது கால்பந்து, நீலம். குழப்பம் வருவதற்குக் காரணம் தோனி. அவர் சென்னையின் எஃப்.சி.யின் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர். அபிஷேக் பச்சனும் விதா தானியும் மற்ற இருவர். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோதே தொடங்கிய அணி. சொந்த மைதானம் பெரியமேடு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம்.

2015-லும் 2017–18-லும் சாம்பியன். அதற்கப்புறம் 2019–20-ல் ஒரு முறை இறுதிப்போட்டிக்குப் போய் ஏ.டி.கே.விடம் 3–1 என்று தோற்றது. கொரோனா காலம், கோவாவில் ஆளில்லாத கேலரிகளுக்கு முன்னால் நடந்த ஆட்டம் அது. அதன் பிறகு நடந்ததைத்தான் கீழே பேசப்போகிறோம்.

"பேர்லயே சென்னையின்னு இருக்கு. பாண்டிக்காரன் எதுக்குக் கத்தணும்?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் தூரம்தான். ஐ.எஸ்.எல்.லில் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து இந்த ஒரு அணிதான். இ.சி.ஆர். வழியாக நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் நேரில் பார்க்கக்கூடிய உயர்மட்டக் கால்பந்து வேறு கிடையாது. டிவியில் பார்க்கும் அணி தோற்றால் ரிமோட்டை எடுத்து அணைத்துவிடலாம். நேரில் பார்த்த அணி தோற்றால் மரக்காணம் தாண்டும் வரை வேனில் யாரும் பேசமாட்டார்கள். அதற்குப் பெயர்தான் சொந்த அணி என்று நினைக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. மாஹே நம் யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதி. ஆனால் இருப்பதோ கேரளத்துக்குள், கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில். அங்கே போய் நீலச் சட்டை போட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவர்கள் கேரளா பிளாஸ்டர்ஸ். ஆக, 'புதுச்சேரி யார் பக்கம்' என்று கேட்டால் ஒரே பதில் வராது.

"போன வருஷமே ஆரம்பிச்சிருக்கணுமே, ஏன் இவ்ளோ லேட்டு?"

சுருக்கமாகச் சொல்கிறேன். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் லீக்கை நடத்தும் வணிக நிறுவனமும் 2010-ல் போட்டுக்கொண்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிந்தது. சீசன் நடுவில் ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் 2025 ஜூலையிலேயே லீக்கை நிறுத்தி வைத்தார்கள். கூட்டமைப்பின் சட்டதிட்டம் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புது ஒப்பந்தமும் நகரவில்லை. பிறகு டெண்டர் விட்டார்கள். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சகம் உள்ளே வந்து தேதி குறித்தது.

நமக்கு இதில் வேண்டிய விஷயம் ஒன்றுதான். நம் அணி கடைசியாக லீக் ஆட்டம் ஆடியது 2025 மார்ச்சில். பதினோரு மாத இடைவெளி. நடுவில் கோவாவில் சூப்பர் கோப்பை நடந்தது. அதில் குழுச் சுற்றோடு வெளியே வந்துவிட்டோம். இவ்வளவு நாள் சும்மா இருந்த கால்கள் முதல் இரண்டு, மூன்று ஆட்டத்தில் எப்படி ஓடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். எதிரணிக்கும் அதே கதைதான் என்பது ஒரு ஆறுதல்.

"மொத்தமே 13 மேட்ச்சாமே? பிளே-ஆஃப் உண்டா?"

14 அணிகள். ஒவ்வொரு அணியோடும் ஒரே ஒரு முறை. அணிக்கு 13 ஆட்டம், மொத்தம் 91. அந்த 91-லேயே கணக்கு முடிந்துவிடுகிறது. முந்தைய சில சீசன்களைப் போல முதல் ஆறு அணிகள் கோப்பைக்காக மறுபடி மோதும் பிளே-ஆஃப்புக்கு இடமில்லை. அட்டவணையில் முதலில் நிற்பவர்தான் சாம்பியன்.

ஒரு அணியோடு ஒரே முறை என்றால் பழி தீர்க்க இரண்டாம் வாய்ப்பு கிடையாது. உள்ளூரில் எத்தனை ஆட்டம் கிடைக்கிறது என்பதும் பெரிய விஷயமாகிவிடும். நம் வேனுக்கும்தான்.

"ரெண்டு கப்பு ஜெயிச்ச டீமு. அதைப் போய் தடுமாறுதுன்னு சொல்றீங்களே?"

கப்பு ஜெயித்தபோது முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இப்போது ஒன்பதாவது படிக்கிறது. கடைசி ஐந்து சீசன்களைப் பாருங்கள். 2020–21: 20 புள்ளி, 8-ஆம் இடம். 2021–22: மறுபடி 20 புள்ளி, மறுபடி 8. 2022–23: 27 புள்ளி, அதே 8. 2023–24: 27 புள்ளி, 6-ஆம் இடம். 2024–25: அதே 27 புள்ளி, 13 அணிகளில் 11-ஆம் இடம்.

இதில் என்னை உறுத்துவது இடம் இல்லை, அந்த 27. மூன்று வருடம் தொடர்ந்து ஒரே எண். வளர்ச்சியும் இல்லை, தேய்வும் இல்லை என்று தோன்றும். ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் தேய்வுதான். முதல் 27 வந்தது 20 ஆட்டத்தில், இரண்டாவது 22-ல், மூன்றாவது 24-ல். சம்பளம் அதேதான், வேலை நேரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது என்றால் அதை யாரும் முன்னேற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

கடந்த சீசனில் ஜாம்ஷெட்பூரை அவர்கள் ஊரில் 5–1, இங்கே 5–2 என்று அடித்தோம். அந்த ஜாம்ஷெட்பூர் ஐந்தாம் இடத்தில் முடித்தது, நாம் பதினொன்று. கொல்கத்தாவில் போய் ஈஸ்ட் பெங்காலை 3–0 என்று வென்றோம். ஆடத் தெரியாத அணி இல்லை இது. எந்த அணி பஸ்ஸிலிருந்து இறங்கும் என்பது அன்றைக்குத்தான் தெரியும், அதுதான் நோய்.

"27-ல பிளே-ஆஃப் போனாங்கல்ல, அப்போ 27 அவ்ளோ மோசமா?"

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் ஒரு கணக்கு வாத்தியார் கேட்டது. 2023–24-ல் 27 புள்ளிக்கு 6-ஆம் இடம் கிடைத்தது உண்மை. அந்த வருடம் நடுவில் இருந்த அணிகள் எல்லாமே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கிடந்தன. 26 எடுத்த நார்த்ஈஸ்ட் வெளியே போனது. முந்தின வருடம் 6-ஆம் இடத்துக்கு 30 தேவைப்பட்டது, அடுத்த வருடம் 36. நாம் ஏறி மேலே போகவில்லை சார், படி ஒரு வருடம் கீழே இறங்கி வந்தது. பிளே-ஆஃபிலும் முதல் ஆட்டத்திலேயே கோவாவிடம் 2–1 என்று தோற்றுத் திரும்பினோம்.

ஆனால் இதே கணக்கை நல்லவிதமாகவும் படிக்கலாம். 2024–25-ல் 8-ஆம் இடத்துக்கு வந்த கேரளாவுக்கு 29 புள்ளி. 11-ல் நின்ற நமக்கு 27. நான்கு இடங்களுக்கு நடுவில் இரண்டே புள்ளி. பதினொன்று என்ற எண்ணைக் கேட்டுக் கலங்கியவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் தூங்கலாம்.

"சரி, எத்தனை பாயின்ட் எடுத்தா நல்ல சீசன்னு ஒத்துக்குவீங்க?"

20. ஏன் 20 என்றால், 2022–23-லும் 2024–25-லும் ஆறாவது வந்த அணிகள் ஆட்டத்துக்குச் சராசரி ஒன்றரைப் புள்ளி எடுத்தன. 13 ஆட்டத்துக்கு அது 19, 20. நம் கடந்த சீசன் வேகத்தில் போனால் 14, 15 வரும்.

வித்தியாசம் ஐந்து புள்ளி. ஒரு தோல்வியை வெற்றியாக்கினால் மூன்று, ஒரு டிராவை வெற்றியாக்கினால் இரண்டு. அவ்வளவுதான். இரண்டே இரண்டு சாயங்காலங்கள் வேறு மாதிரி முடிந்தால் போதும். 'சாம்பியன் ஆகணும்' என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, அது வேண்டுதல். 20 என்பது எதிர்பார்ப்பு. வேண்டுதலுக்கு மணக்குள விநாயகர் கோயில் இருக்கிறது.

"கோச்சை மாத்திட்டாங்கல்ல, இனிமே சரியாயிடுமா?"

ஓவன் காயில் போய்விட்டார். க்ளிஃபோர்ட் மிராண்டா வந்திருக்கிறார். கோவாக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர், 2023-ல் ஒடிசா அணியைச் சூப்பர் கோப்பை வெல்ல வைத்தவர். உள்நாட்டு வீரர்களை நன்றாக அறிந்தவர். எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இந்த நம்பிக்கை எனக்கு ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரிசையைப் பாருங்கள்: மாட்டெரேசி, ஜான் கிரிகரி, காயில், லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச், மறுபடி காயில், இப்போது மிராண்டா. இதில் வயிற்றெரிச்சல் கதை ஒன்று. 2019 டிசம்பரில் காயில் வந்தபோது அணி கீழே கிடந்தது. தூக்கி இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். அடுத்த சீசனுக்கு அவர் ஜாம்ஷெட்பூர் போனார். 2019–20-ல் நமக்காக 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸும் கூடவே போனார். 2021–22-ல் ஜாம்ஷெட்பூர் லீக் ஷீல்டு, அதாவது லீக் சுற்றில் முதலிடத்துக்கான பரிசு, வென்றது. நாம் மூன்று வருடத்துக்கு மூன்று கோச், மூன்று 8-ஆம் இடம்.

அதனால் 'ஒருவரையே இரண்டு, மூன்று வருடம் வையுங்கள்' என்பது என் கட்சி. உடனே ஒருவர் சொல்வார்: 'கிரிகரி வந்த முதல் வருஷமே கப்பு அடிச்சாரே, அதே ஆள் அடுத்த வருஷம் 18 மேட்ச்ல 9 பாயின்ட் எடுத்து கடைசியா வந்தாரே?' உண்மைதான். என் கட்சிக்கு அங்கே ஓட்டை இருக்கிறது. ஆனாலும் அந்த ஓட்டையோடேயே கட்சி நடத்துகிறேன்.

"நல்லா ஆடுறவன் எல்லாம் ஏன் ஓடிப்போறான்?"

பேர் சொன்னால்தான் வலி புரியும். அனிருத் தாபா இங்கே வளர்ந்து, இங்கே கேப்டனாகி, 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். சாங்டே 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார்; அப்புறம் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதை இரண்டு முறை தொடர்ந்து வாங்கினார். ரஹீம் அலி ஒடிசாவுக்குப் போனார்.

வீரர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கால்பந்துக்காரனுக்குப் பத்து, பன்னிரண்டு வருடம்தான் சம்பாத்தியம். கோப்பை ஜெயிக்கும் அணி கூப்பிட்டால் நானும் போவேன், நீங்களும் போவீர்கள். கேட்க வேண்டியது வேறு: ஒருவர் போவார் என்று தெரிந்தே அவர் இடத்துக்கு அடுத்தவரைத் தயார் செய்திருந்தோமா? தாபா விட்டுப்போன நடுக்களத்தைப் பார்த்தாலே பதில் தெரியும்.

"தோனியும் பச்சனும் ஓனர்னா காசுக்கு என்னண்ணே பஞ்சம்?"

லீக்கில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கோடி கோடியாகக் கொட்டி ஆள் எடுக்க நினைத்தாலும் விதி விடாது. அப்புறம், இந்தியாவில் கால்பந்து அணி நடத்துவது லாபத் தொழில் இல்லை. டெண்டருக்கு ஆள் வரவில்லை என்று மேலே சொன்னேன், அதிலிருந்தே புரிந்திருக்கும். ஹைதராபாத் அணி பணப் பிரச்சினையில் சிக்கி, 2025-ல் டெல்லிக்குப் போய் பெயரே மாறிவிட்டது. 2021–22-ல் கோப்பை ஜெயித்த அணி அது. அதைப் பார்த்த பிறகு, நம் அணி இன்னும் இதே ஊரில் இதே பெயரில் இருப்பதே எனக்குப் பாதி சந்தோஷம்.

"நம்ம பசங்க யாராவது ஆடுறாங்களா? எல்லாம் வெளியூர்க்காரங்களா இருக்கே!"

வந்தார்கள், போனார்கள். வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் 2017–18 கோப்பை அணியில் நடுக்களத்தில் நின்றவர். முழங்கால் காயம் அவரைப் பாதியில் நிறுத்தியது. எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னை சிட்டி எஃப்.சி. 2018–19-ல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கை வென்றபோது அங்கே இருந்தவர், பிறகு இங்கே வந்தார். அந்தச் சென்னை சிட்டி பேருக்குத்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். இப்போது அந்த அணியே இல்லை. நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரு கோல் அடித்து கொல்கத்தாவையே கிறுக்குப் பிடிக்க வைத்தார். சிவசக்தி பெங்களூருக்காக ஆடி 2022–23-ன் சிறந்த இளம் வீரர் விருது வாங்கினார். தமிழ்ப் பையன் கோல் அடிக்கிறான், ஆனால் வேறு அணிக்கு. இதைத்தான் நான் இந்த அணியின் மிகப் பெரிய தோல்வியாக நினைக்கிறேன், 11-ஆம் இடத்தைவிட.

நம்ம பக்கம் என்றால் கடலூரின் இந்துமதி கதிரேசனைச் சொல்லாமல் விடமுடியாது. இந்திய மகளிர் அணிக்கு ஆடியவர். 2018-ல் தமிழ்நாடு மணிப்பூரை வென்று தேசிய மகளிர் கோப்பையை எடுத்த அணியிலும் இருந்தவர். 'கடலூர்ல ஃபுட்பாலா?' என்று கேட்பவர்களுக்கு ஒரே பெயர் போதும். சென்னையின் எஃப்.சி. எதிர்பார்ப்பைப் பேசும்போது என் பட்டியலில் இதுவும் உண்டு: வருடத்துக்கு ஒரு முறையாவது அவர்களின் ஆள் யாராவது உப்பளத்துக்கும் கடலூர் அண்ணா ஸ்டேடியத்துக்கும் வந்து பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வேண்டும்.

"ராத்திரி பதினொரு மணிக்கு ஐரோப்பா மேட்ச் ஓடுது. அதைப் பார்த்தவன் இதை எப்படி பார்ப்பான்?"

பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். முதல் தொடுதலிலேயே பந்து மூன்று அடி தள்ளிப்போகும். எனக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

நம் ஊரில் பிரான்ஸ் அணிக்கு இருக்கும் பாசம் தெரியும். 2018 உலகக் கோப்பை இரவு கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் கொடி பிடித்தவர்களில் நானும் ஒருவன். எம்பாப்பேவுக்கு நான் கத்தியது கேட்டிருக்காது. பெரியமேட்டில் ஓடுகளத்தைத் தாண்டிப் பந்து பொறுக்க வரும் எங்கள் விங்கருக்கு நான் திட்டுவது கேட்கும், ஒரு முறை திரும்பியும் பார்த்தார். வித்தியாசம் அதுதான்.

"கேரளா மேட்ச்சுக்கு வந்தா அடி விழுமா?"

அடியெல்லாம் விழாது. காது வலிக்கும். சென்னையில் நடந்தாலும் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைகள் கூட்டம் கூட்டமாக வரும். நம்ம பக்கம் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்ற ரசிகர் குழுக்கள் தாரை தப்பட்டையோடு நிற்பார்கள். அந்த ஒரு இரவுக்காகவே வேனில் இடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கடைசி சீட்.

கணக்கு மட்டும் நம் பக்கம் இல்லை. கடந்த சீசனில் கொச்சியில் 3–0, சென்னையில் 3–1, இரண்டிலும் தோல்வி. 2014 அரையிறுதியில் கூடுதல் நேரம் முடியப்போகும் சமயத்தில் அவர்கள் போட்ட கோலை இன்னும் பழைய ஆள்கள் மறக்கவில்லை. இந்த முறை ஒரே ஒரு ஆட்டம்தான். 20 புள்ளி எடுத்து இந்த ஆட்டத்தில் தோற்பதா, 17 எடுத்து இதில் ஜெயிப்பதா என்று போன வாரம் டீக்கடையில் ஓட்டெடுப்பு நடந்தது. 17 பெரும்பான்மையில் வென்றது. என் ஓட்டைச் சொல்லமாட்டேன்.

"கடைசியா வந்தா டீமைக் கீழ இறக்கிடுவாங்களா?"

2024–25 வரை ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம் வந்ததற்காக எந்த அணியும் கீழே இறக்கப்பட்டதில்லை. நாமே 2018–19-ல் கடைசியாக வந்து அடுத்த வருடம் இறுதிப்போட்டி ஆடினோம். மேலே ஏறி வரும் வழி மட்டும் திறந்துவிட்டது: பஞ்சாப், முகமதன், இப்போது இன்டர் காசி என்று அடுத்த நிலையான ஐ-லீக்கை வென்றவர்கள் வருடத்துக்கு ஒருவராக வந்திருக்கிறார்கள். மாடிக்கு ஆள் ஏறிக்கொண்டே இருந்தால் ஒருநாள் யாராவது இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த நாள் வரும்போது 11-ஆம் இடத்தில் நின்று பழகியவர்களாக நாம் இருக்கக்கூடாது.

"மோசமா ஆடினா ஊளை விடலாமா, இல்ல கை தட்டியே ஆகணுமா?"

வேனில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் முடியும்வரை நம் வீரர் யாரையும் ஊளையிடக்கூடாது. முடிந்த பிறகு இ.சி.ஆர். முழுக்க உங்களுடையது. வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டுவது, வடகிழக்கு மாநிலத்துப் பையன்களின் முகத்தை வைத்துக் கிண்டல் செய்வது இரண்டுக்கும் மன்னிப்பு இல்லை. அடுத்த முறை வேனில் இடம் கிடையாது. ஒருவரை இப்படி நிறுத்தியிருக்கிறேன். சொந்த மச்சினன்தான்.

"13 மேட்ச் ஆடி ஜெயிச்சா அது ஒரு கப்பா? பாதி சீசன்தானே?"

2015-ல் லீக் சுற்றில் நாம் ஆடியது 14 ஆட்டம். அதை யாராவது பாதிக் கோப்பை என்று சொன்னார்களா? அந்த வருடம் ஒரு கட்டத்தில் அட்டவணையின் அடியில் கிடந்தோம். கடைசி 4 லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தோம். டிசம்பர் வெள்ளம் சென்னையை மூழ்கடித்ததால் உள்ளூர் அரையிறுதியை புனேயில் போய் ஆடினார்கள். இறுதிப்போட்டி கோவாவில், கோவாவோடு. 87-ஆம் நிமிடத்தில் அவர்கள் 2–1 என்று முன்னால் போனார்கள். 90-ல் அவர்கள் கோல்கீப்பர் கையாலேயே ஒரு சொந்த கோல், அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் நம் மெண்டோசா அடித்த கோல். 3–2. கடலூரும் அந்த மாதம் தண்ணீரில்தான் இருந்தது. மஞ்சக்குப்பத்து நண்பர் ஒருவர் வீட்டில் கரண்ட் இல்லாமல், ஸ்கோரை என்னிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி கோலை நான் சொன்னபோது நம்பவில்லை, மறுநாள் பேப்பரில் பார்த்த பிறகுதான் நம்பினார்.

குறுகிய சீசனில் நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் எல்லாம் மாறிவிடும் என்பதற்காகச் சொன்னேன். இந்த வருடமும் அது நடக்கும் என்று சொல்லவில்லை. எதிர்பார்ப்பு 20தான்.

"வேன்ல வந்தா எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம்? லேடீஸ், பசங்க வரலாமா?"

வழக்கமாக ஆட்டம் இரவு 7.30-க்கு. மதியம் ஒன்றரைக்கு முத்தியால்பேட்டையில் கிளம்புவோம். கடலூர்க்காரர்கள் அதற்கு முன்பே பஸ் பிடித்து வந்துவிட வேண்டும். அவர்களுக்காக வேன் காத்திருந்து ஒரு முறை முதல் கோலைத் தவறவிட்டோம். ஆட்டம் முடிந்து பத்து மணிக்கு வண்டி எடுத்தால், மாமல்லபுரத்துக்கு அப்பால் ஒரு டீ, பாண்டி வந்து சேரும்போது இரவு மணி ஒன்றரை ஆகிவிடும். ரயிலை நம்பாதீர்கள், எழும்பூரிலிருந்து நம் ஊர் ரயில் கிளம்பும்போது ஆட்டம் தொடங்கியே இருக்காது.

பெண்களும் பிள்ளைகளும் தாராளமாக வரலாம், வந்துகொண்டும் இருக்கிறார்கள். வேனின் முன் வரிசை அவர்களுக்கு. வேனில் பாட்டில் கிடையாது. 'பாண்டிக்காரன் வேன்ல பாட்டில் இல்லையா' என்று சென்னை நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

"இந்த வருஷமும் 11-வது வந்தா, அடுத்த வருஷம் வேன் எடுப்பீங்களா?"

2018–19-ல் கடைசியாக வந்தோம் என்று சொன்னேன் இல்லையா, அந்த வருடக் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு வேனில் நான்கு பேர்தான். நானும், டிரைவரும், கணக்கு வாத்தியாரும், அவர் பையனும். டீசல் காசு கையைக் கடித்தது. அடுத்த வருடம் கோவாவை அரையிறுதியில் 4–1 என்று அடித்த இரவு பத்தொன்பது பேர் கேட்டார்கள்; பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்ற டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த நான்கு பேருக்கும் இந்த வருடமும் சீட் போட்டுவிட்டேன். மீதி ஒன்பது இடம் இருக்கிறது. முன்பணம் இருநூறு ரூபாய், கடைக்கு வந்து கொடுங்கள்.